லென்ஸ் கழற்ற முடியாத கேமராக்கள்

2012-ல் வெளிவந்த 'தி அமேஸிங் ஸ்பைடர்மேன்' படத்தில் பீட்டர் பார்க்கர் கையில் ஒரு கேமரா இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பையன். ஊரே செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் காலம். அவன் மட்டும் கனமான பழைய பிலிம் கேமரா ஒன்றோடு திரிவான். பல்லி மனிதனைப் படம் பிடிக்க பாதாளச் சாக்கடைக்குள் வலை கட்டி வைப்பதும் அந்தக் கேமராவைத்தான். அதில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் வில்லனுக்கு அவன் யாரென்று தெரியவரும். (ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் லீவரைத் தள்ளி பிலிமை நகர்த்த வேண்டிய கேமரா அது. சாக்கடைக்குள் யார் தள்ளியிருப்பார்கள் என்றெல்லாம் கேட்கக்கூடாது!)

அந்தக் கேமராவின் பெயர் யாஷிகா எலக்ட்ரோ 35. அது ஒரு பெரிய குடும்பத்தின் பிள்ளை. 1960 தொடங்கி ஏறக்குறைய இருபது வருடங்கள் ஜப்பானியத் தொழிற்சாலைகள் இந்த வகைக் கேமராக்களை லட்சக்கணக்கில் செய்து உலகம் முழுக்க அனுப்பின. லென்ஸைக் கழற்ற முடியாது, ரேஞ்ச்ஃபைண்டர் உண்டு, 35 மி.மீ. பிலிம் போட வேண்டும். இதுதான் குடும்ப அடையாளம். கானொனெட், எலக்ட்ரோ, ஹை-மேட்டிக், ஒலிம்பஸ் 35, கோனிகா ஆட்டோ என்று பிள்ளைகள் ஏராளம். இதில் எது சிறந்தது என்ற சண்டை, பழைய கேமரா பிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், ஆரம்பித்துவிடும். ரஜினியா கமலா மாதிரிதான். முடிவே கிடையாது.

ஆனால் அந்தச் சண்டைக்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. அது தெரிந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்வது கொஞ்சம் சுலபம்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன? ஒரு விரலை மூக்குக்கு நேராக நீட்டி, இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவது போலத் தெரியும். விரல் பக்கத்தில் இருந்தால் அதிகம் நகரும். தள்ளிப் போனால் நகர்வது குறையும். ரேஞ்ச்ஃபைண்டரின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான். கேமராவின் முகப்பில் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். இரண்டு வழியாகவும் வரும் காட்சிகள் கண்ணாடிகளில் பட்டு ஒன்றன் மேல் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, நடுவில் இருக்கும் சின்ன மஞ்சள் கட்டத்துக்குள் இரட்டையாகத் தெரிந்த முகம் மெதுவாக நகர்ந்து ஒன்றோடு ஒன்று பொருந்தும். பொருந்திவிட்டால் ஃபோகஸ் சரி. பட்டனை அழுத்தலாம்.

இது கேமராவுக்காகக் கண்டுபிடித்ததல்ல. பீரங்கிக்காக. எதிரிக் கப்பல் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறது என்று அளப்பதற்குத்தான் தொலைவுமானிகள் செய்தார்கள். இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே தூரம் கூடக் கூட அளவு துல்லியமாகும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானின் யமாட்டோ போர்க்கப்பலில் இருந்த தொலைவுமானியின் நீளம் 15 மீட்டர். அதைச் செய்த நிறுவனம் நிப்பான் கோகாக்கு; இன்று உலகத்துக்கு நிக்கான் என்ற பெயரில் தெரிந்ததுதான். சட்டைப்பைக்குள் போகிற கேமராவில் சில சென்டிமீட்டர்தான் கிடைக்கும், ஆனால் பத்தடி தள்ளி நிற்கும் நண்பனைப் படம் எடுக்க அது தாராளம்.

கேமராவுக்குள் இது முதலில் வந்தது 1916-ல், கோடாக் நிறுவனத்தின் 3ஏ ஆட்டோகிராஃபிக் ஸ்பெஷல் என்ற மடக்குக் கேமராவில். லென்ஸோடு ரேஞ்ச்ஃபைண்டரை இணைத்த முதல் கேமரா அதுதான். 1925-ல் லைப்ஸிக் சந்தையில் அறிமுகமான லைக்காவில்கூட உள்ளிணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது. 1932-ல் வந்த லைக்கா II-ல்தான் வந்தது. அதே வருடம் ஸைஸ் ஐகானின் கான்டாக்ஸும் வந்தது. இரண்டுமே லென்ஸ் மாற்றக்கூடியவை. விலையோ சாதாரண ஜெர்மானியர் நினைத்துப் பார்க்க முடியாதது.

அப்போது விலையைக் குறைக்க என்ன வழி? லென்ஸை நிரந்தரமாகப் பொருத்திவிடுவதுதான்.

கேட்கும்போது ஏழைக்குக் கொடுத்த பழைய சோறு மாதிரி இருக்கும். உண்மையில் அப்படியல்ல. லென்ஸ் மாறாது என்று முடிவாகிவிட்டால் ஷட்டரை பிலிமுக்கு முன்னால் திரைச்சீலை போலத் தொங்கவிட வேண்டியதில்லை. லென்ஸின் கண்ணாடிகளுக்கு நடுவிலேயே, பூவிதழ் மாதிரி விரிந்து சுருங்கும் மெல்லிய தகடுகளாக வைத்துவிடலாம். இதை இலை ஷட்டர் என்பார்கள். சத்தமே வராது, கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் எடுத்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. எந்த ஷட்டர் வேகத்திலும் ஃப்ளாஷ் பயன்படுத்தலாம், 1/500 நொடியில்கூட. திரை ஷட்டர் கேமராக்களில் அந்தக் காலத்தில் 1/60 அல்லது 1/125-க்கு மேல் ஃப்ளாஷ் போட்டால் பாதிப் படம் கறுப்பாகிவிடும். லென்ஸும் உடம்பும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று என்றே பொருத்தப்பட்டவை என்பதால் ஃபோகஸ் சரிசெய்வதும் எளிது. குறைகள்? வேகம் 1/500-ஐத் தாண்டுவது அபூர்வம். தூரத்தில் இருக்கும் பறவையை எடுக்க முடியாது. எழுந்து பறவைக்குப் பக்கத்தில் போக வேண்டியதுதான்.

போருக்கு முன்பே கோடாக்கின் ஜெர்மன் கிளை 1936-ல் ரெட்டினா II செய்தது. போருக்குப் பின் ஃபோக்ட்லெண்டர், ஸைஸ் எல்லோரும் அழகழகாகச் செய்தார்கள். இன்றும் கையில் எடுத்தால் கடிகாரம் போன்ற நேர்த்தி. ஆனால் இந்தக் கதையின் நாயகர்கள் அவர்கள் இல்லை.

போரில் தோற்ற ஜப்பானில் ஆயுதத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. கண்ணாடி இழைக்கவும் நுண்ணிய திருகுகள் செய்யவும் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் சும்மா இருந்தன. நாட்டுக்கு டாலர் தேவை. கேமரா கைக்கு அடக்கமான பொருள். இரும்பும் கண்ணாடியும் கொஞ்சம்தான் வேண்டும், உழைப்புதான் அதிகம். ஆனால் 'ஜப்பான் சரக்கு' என்றாலே மட்டம் என்ற பெயர் அப்போது உலகத்தில் இருந்தது. அதைத் துடைக்க 1954-ல் கேமரா ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஏற்றுமதியாகும் கேமராக்களைச் சோதித்து, சரியாக இருந்தால் 'பாஸ்டு' என்று அச்சிட்ட தங்க நிற முட்டை வடிவ ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பழைய ஜப்பானியக் கேமராக்கள் பலவற்றில் அந்த ஸ்டிக்கர் இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தச் சூழலில் 1961 ஜனவரியில் கானன் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டது.

அதுவரை கானன் லைக்காவோடு போட்டி போட்ட, விலை உயர்ந்த கேமராக்கள் செய்யும் நிறுவனம். அவர்கள் திடீரென்று கானொனெட் என்ற கேமராவை 18,800 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைய நிலையான மாற்று விகிதம் ஒரு டாலருக்கு 360 யென்; ஆக சுமார் 52 டாலர். அந்த விலைக்கு எஃப்/1.9 லென்ஸ். (இந்த எண் குறையக் குறைய லென்ஸுக்குள் நுழையும் வெளிச்சம் கூடும்.) அதோடு தானியங்கி எக்ஸ்போஷர். லென்ஸைச் சுற்றி வட்டமாக, தேன்கூடு போல ஒரு செலினியம் செல். வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் உண்டாக்கி, அப்பர்ச்சர் எவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும். பேட்டரியே கிடையாது! அதே விலையில் மற்றவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தது இதில் பாதிகூட இல்லை.

மற்ற நிறுவனங்கள் கொதித்தன. இந்த விலைக்கு விற்றால் தொழிலே நாசமாகிவிடும் என்றார்கள். மக்கள் அதையெல்லாம் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குப் போதும் என்று நினைத்து அனுப்பிய சரக்கு இரண்டே மணி நேரத்தில் தீர்ந்தது என்று கானன் தன் வரலாற்றில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. சுமார் இரண்டரை வருடங்களில் பத்து லட்சம் கேமராக்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. போருக்குப் பின் ஜப்பானில் சின்னதும் பெரியதுமாக நிறைய கேமரா நிறுவனங்கள் முளைத்திருந்தன. பெரிய தொழிற்சாலையும் பெரிய முதலும் இல்லாதவர்கள் இந்த விலைப் போட்டியில் மூச்சு வாங்கினார்கள். பெட்ரி என்ற நிறுவனம் ஓர் உதாரணம். 1907-லிருந்து இருந்த பழைய நிறுவனம். பெட்ரி 7எஸ் என்ற அருமையான ரேஞ்ச்ஃபைண்டரை மலிவாகவே கொடுத்தது. கடைசியில் 1977-ல் திவாலானது. ஒரு கானொனெட்டால் மட்டும் இது நடந்தது என்று சொல்வது அநியாயம். ஆனாலும் நல்ல லென்ஸ் சாமானியன் கைக்கு வந்த அதே பாதையில்தான் சிறிய நிறுவனங்களின் கதவுகளும் சாத்தப்பட்டன.

1962 பிப்ரவரி 20. அமெரிக்காவின் ஜான் கிளென் 'ஃபிரண்ட்ஷிப் 7' கலத்தில் பூமியை மூன்று முறை சுற்றினார். அவர் கையில் இருந்த கேமராக்களில் ஒன்று, ஃபுளோரிடாவின் கோகோ பீச்சில் ஒரு மருந்துக்கடையில் அவரே 40 டாலர் கொடுத்து வாங்கியது! அமெரிக்காவில் மருந்துக்கடைகளில் மாத்திரையோடு சோப்பு, சீப்பு, கேமரா எல்லாம் விற்பார்கள். அந்தக் கேமராவின் மேல் ஆன்ஸ்கோ ஆட்டோசெட் என்று எழுதியிருந்தாலும் அது ஜப்பானின் மினோல்டா ஹை-மேட்டிக்தான். அமெரிக்க நிறுவனம் தன் பெயரைப் போட்டு விற்றது. எக்ஸ்போஷரைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்பது விண்வெளிக் கையுறை போட்டவருக்குப் பெரிய வசதி. நாசா பொறியாளர்கள் கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து, துப்பாக்கி போல ஒரு கைப்பிடியும் விசையும் பொருத்திக் கொடுத்தார்கள். இன்று அது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. மற்ற ரசிகர்களுக்கு எத்தனை பெருமை இருந்தாலும் மினோல்டாக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லி வாயடைத்துவிடலாம்.

யாஷிகாவின் பெரிய அடி 1966-ல் விழுந்தது. எலக்ட்ரோ 35-ல் அப்பர்ச்சரை மட்டும் படம் எடுப்பவர் தேர்ந்தெடுத்தால் போதும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்னணுச் சுற்று முடிவு செய்யும். 1/500 நொடியிலிருந்து 30 நொடி வரை, இடையில் எந்த அளவிலும். முட்கள், எண்கள் எதுவும் பார்க்க வேண்டாம். வெளிச்சம் குறைவென்றால் மஞ்சள் விளக்கு, அதிகமென்றால் சிவப்பு விளக்கு. லென்ஸ் 45 மி.மீ., எஃப்/1.7. தெருவிளக்கு வெளிச்சத்தில், ட்ரைபாட் மேல் வைத்து பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் சரியான படம் கிடைக்கும். அந்தக் காலத்துக்கு இது மந்திரம். ஜி.எஸ்., ஜி.எஸ்.என். என்று பெயர் மாறி மாறி 1970-களிலும் வந்தது. தமிழ்நாட்டில் யாஷிகா என்றால் பலருக்கும் நினைவு வருவது பின்னால் வந்த எம்.எஃப்.-2 என்ற பிளாஸ்டிக் கேமராதான். எலக்ட்ரோ அதைவிட எத்தனையோ படி மேல்.

கானன் சும்மா இருக்கவில்லை. 1965-ல் கியூ.எல். என்ற சுலபமான பிலிம் மாட்டும் வசதியைச் சேர்த்தது. பிலிம் நுனியைச் சிவப்புக் குறி வரை இழுத்து வைத்து மூடினால் போதும். புதிதாகப் பழகுபவர்கள் பாதி ரோலை வீணாக்கும் கொடுமை ஒழிந்தது. 1972-ல் வந்த கானொனெட் ஜி-III கியூ.எல். 17-தான் இந்த வரிசையின் உச்சம். 40 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ், 620 கிராம். இதை 'ஏழைகளின் லைக்கா' என்று அழைப்பவர்கள் உண்டு. அது கொஞ்சம் அதிகப்படிதான். லைக்கா வைத்திருப்பவர்கள் யாரும் தங்கள் கேமராவைப் 'பணக்காரர்களின் கானொனெட்' என்று சொல்வதில்லையே!

ஒலிம்பஸ் 35 எஸ்.பி. (1969) விஷயம் வேறு. அதன் லென்ஸின் பெயர் ஜி.ஸூய்கோ. ஆங்கில எழுத்து வரிசையில் 'ஜி' ஏழாவது. லென்ஸுக்குள் ஏழு கண்ணாடிகள் என்று அர்த்தம். பெயரிலேயே கணக்கு. காட்சியின் நடுவில் ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் இந்த வகையில் மிக அரிது. ஜன்னலுக்கு முன்னால் நிற்பவரின் முகம் கறுத்துப்போகாமல் எடுக்க அது உதவும். கோனிகா ஆட்டோ எஸ்3 (1973) சின்னது, கூர்மையான 38 மி.மீ. லென்ஸ். ஆனால் எக்ஸ்போஷரை முழுக்கக் கையால் அமைக்க அது விடாது.

பிறகு 1977-ல் அதே கோனிகா இந்தக் குடும்பத்துக்கே முடிவுரை எழுதியது. சி35 ஏ.எஃப்., பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா. மஞ்சள் கட்டம் வேண்டாம், வளையம் திருப்ப வேண்டாம்; அழுத்தினால் போதும். இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்குள் இருந்த ஹனிவெல் நிறுவனத்தின் விசிட்ரானிக் என்ற பாகமும் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர்தான். இரண்டு ஜன்னல்கள், இரண்டு கண்ணாடிகள், இரண்டு காட்சிகள். அவை பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கண் மட்டும்தான் மனிதனுடையது இல்லை. 1979-ல் கானனும் ஏ.எஃப்.35எம் கொண்டுவந்தது. அதே வருடம் ஒலிம்பஸில் யோஷிஹிஸா மைதானி என்ற மேதை, உறையும் மூடியும் தேவைப்படாத, முன்பக்கம் சிப்பி போல நகர்ந்து திறக்கும் எக்ஸ்.ஏ.-வை வடிவமைத்தார். 225 கிராமில் உண்மையான ரேஞ்ச்ஃபைண்டர். அணையப்போகும் விளக்கின் பிரகாசம் அது.

சரி, இன்று ஒரு மாணவன் இவற்றில் ஒன்றை வாங்க நினைத்தால்? லென்ஸ் கூர்மையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசலாம், பயனில்லை. எல்லாமே நல்ல லென்ஸ்கள். எஃப்/8-ல் வைத்து எடுத்த படத்தைப் பார்த்து இது கானன், இது யாஷிகா என்று சொல்பவர் ஒன்று ஜோசியர், இல்லையென்றால் பொய்யர். முடிவைத் தீர்மானிப்பது லென்ஸ் இல்லை, பேட்டரி.

1960-களின் நடுவிலிருந்து செலினியம் போய், பேட்டரியில் இயங்கும் மீட்டர்கள் வந்தன. அவற்றுக்கென்று இருந்தது மெர்க்குரி பட்டன் பேட்டரி. 1.35 வோல்ட், தீரும் வரை அந்த அளவு அப்படியே நிற்கும் என்பதால் மீட்டருக்கு அதைப் போல உத்தமமானது இல்லை. ஆனால் பாதரசம் விஷம். ஜப்பானின் மினமாட்டா ஊரில் சிஸ்ஸோ ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீன் வழியாக மனிதர்களின் நரம்புகளைத் தின்றது 1956-ல் வெளியே தெரிந்தது. அந்த மக்களின் துயரத்தை 1970-களின் தொடக்கத்தில் அங்கேயே தங்கிப் படமெடுத்து உலகுக்குக் காட்டினார் யூஜின் ஸ்மித். ஆலை ஆட்களிடம் அடிபட்டு அவர் கண்பார்வை பாதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1996-ல் வந்த சட்டம் மெர்க்குரி பட்டன் பேட்டரிகளுக்குத் தடை போட்டது. 2013-ல் உலக நாடுகள் கையெழுத்திட்ட பாதரச ஒப்பந்தத்துக்கு மினமாட்டாவின் பெயரையே வைத்தார்கள். கேமராக்காரர்கள் சிலர் இன்னும் அந்த பேட்டரிக்காகப் பெருமூச்சு விடுகிறார்கள். விடக்கூடாது, அது போனதே நல்லது.

பேட்டரி போனபின் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. எலக்ட்ரோவில் பேட்டரி இல்லையென்றால் ஷட்டர் 1/500-ல் மட்டும் இயங்கும். உச்சி வெயிலைத் தவிர வேறு எதற்கும் உதவாது. 5.6 வோல்ட் மெர்க்குரிக்குப் பதில் இன்று 6 வோல்ட் பேட்டரியை ஒரு சின்ன அடாப்டரோடு போடுகிறார்கள். பெரிய பிழை வருவதில்லை. ஆனால் உள்ளே சுற்று கெட்டுவிட்டால் கதை முடிந்தது. அன்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட அதே மின்னணுதான் இன்று அதன் பலவீனம். கானொனெட் ஜி-III-யும் ஒலிம்பஸ் 35 எஸ்.பி.-யும் அப்படியில்லை. அவற்றின் ஷட்டர் பற்சக்கரமும் வில்லும் சேர்ந்தது. மீட்டர் செத்தாலும் அத்தனை வேகங்களும் வேலை செய்யும். வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிடத் தெரிந்தால், அல்லது செல்போனில் ஒரு மீட்டர் செயலி இருந்தால் போதும்.

இவற்றில் ஒலிம்பஸ்தான் ஒரு நூலிழை மேல் என்று வாதாடலாம்; ஸ்பாட் மீட்டர் ஒன்றே போதும் காரணத்துக்கு. ஆனால் கானொனெட் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால் எளிதில் கிடைக்கிறது, ஒன்று உடைந்தால் இன்னொன்றிலிருந்து பாகம் கழற்றிப் போடலாம், பழுது பார்த்துப் பழகிய கைகளும் அதிகம். பத்து லட்சம் பேர் வாங்கும்படி செய்ய வேண்டும் என்ற 1961-ன் அந்தப் பிடிவாதம் அறுபது வருடம் கழித்து இப்படி வேறு விதத்தில் பலன் தருகிறது. ஆகவே கானொனெட்.

வாங்கும் முன் பின்கதவைத் திறந்து ஓரத்தில் இருக்கும் கறுப்புப் பஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தார் மாதிரி விரலில் ஒட்டும். அதை மாற்றாவிட்டால் வெளிச்சம் கசிந்து படத்தில் சிவப்புக் கோடு விழும். ஷட்டர் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் வேண்டாம். இவ்வளவு சொல்லியும் மனசு பீட்டர் பார்க்கரின் யாஷிகாவிடம்தான் போகிறது என்றால், கடைக்காரர் முன்னால் லீவரை முழுக்கத் தள்ளிப் பார்க்கலாம். உள்ளே 'டக்' என்று மெல்லிய ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் உள்ளே இருக்கும் குட்டி ரப்பர் துண்டு கரைந்துவிட்டது என்று அர்த்தம்; விலையைக் குறைத்துக் கேட்கலாம்.